முதல் முறைப்பாடு

வெள்ளிக்கிழமை லொறி வரும் என்று அலுவலகப் பொறுப்பாளர் மஜீட் சேர் சொல்லிவிட்டார். கதிரவெளிக்கு அப்பால், கடலுக்கும் களப்புக்கும் நடுவிலிருந்த அந்தப் பாடசாலையின் எட்டுக் கணினிகளையும் ஏற்றி வந்து டவுன் பாடசாலையொன்றுக்குக் கொடுப்பதாக முடிவு. அதற்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வர, புதன்கிழமை ஸகியாவை அனுப்பினார்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது. மீள்குடியேறிய ஊர்களின் பாடசாலைகளுக்கு உதவி நிறுவனமொன்று கணினிகளைக் கொடுத்திருந்தது. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டக்களப்பிலிருந்த அதன் அலுவலகத்துக்கு. ஓட்டமாவடியிலிருந்து தினமும் அங்கே வேலைக்குப் போய்வந்த ஸகியாதான் எல்லாக் கணினிகளுக்கும் ஒரு மென்பொருள் பூட்டுப் போட்டவள். யார் எதைக் கிண்டினாலும், எந்த வைரஸ் புகுந்தாலும், அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் கணினி முதல் நாள் இருந்தபடியே எழும்பும். பென் டிரைவையும் ஏற்காது. அந்தப் பூட்டுக்குப் பிறகு ஒரு கணினிகூடப் பழுதாகவில்லை என்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் எவ்வளவு நேரம் பாவித்தார்கள் என்பதையும் அந்தப் பூட்டு எண்ணி வைக்கும். இந்தப் பாடசாலையின் எண்ணிக்கை ஏறவேயில்லை. மாதாமாதம் வரும் படிவத்தில் மட்டும் 'குறைபாடு எதுவுமில்லை' என்று அழகான கையெழுத்தில் இருக்கும்.

"குறையும் இல்ல, பாவனையும் இல்ல. அப்ப அங்க எதுக்கு?" என்று மஜீட் சேர் கேட்டார்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோதும் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொருளைக் கெட்டுப்போகாமல் வைத்திருப்பது வேறு, அதை ஒருவருக்குக் கொடுப்பது வேறு என்று மனதுக்குள் ஓடியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்த்திகா டீச்சர் கதவைத் திறந்துவிட்டாள். எட்டுக் கணினிகளும் பூப்போட்ட திரைத் துணியில் தைத்த உறைகளுக்குள் இருந்தன. தூசியில்லை. மூலையில் ஒன்பதாவதாக, மஞ்சள் பூத்த பழைய கணினியொன்று உறையில்லாமல் இருந்தது. அது மீனவர் சங்கத்துடையது. சங்கக் கட்டடத்தைச் சுனாமி கொண்டுபோன பிறகு அவர்களுக்கு வேறு இடமில்லை. யாரோ கொடுத்த அந்தக் கணினியை இங்கே வைத்திருந்தார்கள். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் முழுப்பேரும் அதைத்தான் சூழ்ந்து நின்றார்கள். அதன் விசைகளில் பாதிக்கு எழுத்தே இல்லை.

புதுக் கணினிகளில் ஏதும் கஷ்டமிருக்கிறதா என்று ஸகியா கேட்டாள்.

"இல்ல மிஸ்," என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். யுத்தகாலச் செக்பொயின்றில் சோதனைக்கு நின்றபோது அவளும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறாள். கேள்வியோடு வருகிறவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் போய்விடுவார்.

வழக்கமாக இந்த இடத்தில் அவள் அடுத்த கேள்விக்குப் போவாள். அன்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒரு கதிரையை இழுத்துப் பிள்ளைகளின் நடுவே போட்டு உட்கார்ந்தாள். பேசவில்லை. வெளியே ஜெனரேட்டர் இரைந்தது. யாரோ இருமினார்கள். ஆர்த்திகா டீச்சர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சங்கச் செயலாளர் அருமைநாயகம் வந்தார்.

"எழும்புங்கடா. சங்கத்துக் கடிதம் அடிக்கோணும். என்ட கதிரையில எனக்கே இடமில்ல."

அங்கே எட்டு இருக்க ஏன் இங்கே நெரிகிறார்கள் என்று ஸகியா அவரிடம் கேட்டாள். அவர் டீச்சரைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"அத நான் சொல்லப்படாது, தங்கச்சி."

மறுபடியும் மௌனம். ஸகியா அசையவில்லை. இந்த முறை அது நீண்டு, சங்கடமாகி, அந்தச் சங்கடமும் தேய்ந்துபோகும் வரை இருந்தாள். கடைசியில் ஒல்லியாக இருந்த ஒரு பிள்ளை வாயைத் திறந்தாள். சுலோஜனா என்று பெயர்.

"அதுகள் மறந்திரும், மிஸ்."

"எதுகள் புள்ள?"

"புதுப் பெட்டியள். ஜெனரேட்டர நிப்பாட்டினா மறுகா ஒண்டும் இரிக்காது. டீச்சர் எழுதச் சொன்ன ஒப்படைய நான் மூண்டு தரம் முதல்ல இருந்து அடிச்சன். இது கிழட்டுப் பெட்டி. ஆனா மறக்காது."

ஸகியா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பக்கத்துப் பள்ளிக்கூடத்தில பிரிண்டர் பழுதெண்டு எழுதினாங்க," என்றாள் ஆர்த்திகா. "உங்கட ஆக்கள் வந்து கொண்டுபோனாங்க. இன்னும் வரல்ல. எங்கட பிள்ளையளுக்கு இத விட்டா ஒண்டுமில்ல. அதான் குறையில்ல எண்டு எழுதினன். பாவிக்காட்டியும் இரிக்கட்டும் எண்டு."

"குறையில்ல எண்டு எழுதினதாலதான், டீச்சர், கொண்டுபோகப் போறாங்க. வெள்ளிக்கிழமை லொறி வருது."

ஆர்த்திகாவின் கை ஓர் உறையின் மேலேயே நின்றுவிட்டது.

ஸகியாவுக்குத் தன் பூட்டு இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. மின்சாரம் நிற்காத அறையில், குளிரூட்டிக்குக் கீழே இருந்து யோசித்தது அது. கணினிக்கு என்ன நேரும் என்று யோசித்தாளே தவிர, நேற்று விட்ட இடத்தைத் தேடி ஒரு பிள்ளை இன்று திரும்பி வரும் என்று யோசிக்கவில்லை. அதுவும் கடல் ஒருமுறையும் ஷெல் ஒருமுறையும் துரத்தி, திரும்பி வந்தபோது வைத்த இடத்தில் ஒன்றையும் காணாத பிள்ளைகள்.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் உறையைக் கழற்றினாள். ஒவ்வொரு கணினியின் சேமிப்பிடத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பூட்டியபடியே விட்டு, மற்றப் பாதியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டாள். பென் டிரைவையும் ஏற்க வைத்தாள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. பாடசாலை விட்டும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நடுவில் ஜெனரேட்டர் விக்கத் தொடங்கியது. படகு இயந்திரத்துக்கு வைத்திருந்த பெற்றோலில் ஒரு போத்தலைக் கொண்டுவந்து ஊற்றினார் அருமைநாயகம்.

"நாளைக்கு மீன் குறைஞ்சா கணினி திண்டதெண்டு எழுதிருவன்," என்றார்.

கடைசிக் கணினியும் முடிந்ததும், களப்பு இறாலைப் பற்றிய தன் ஒப்படையின் முதல் பக்கத்தைச் சுலோஜனா புதுக் கணினியொன்றில் அடித்துச் சேமித்தாள். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னாள் ஸகியா. அறை இருண்டு, விசிறி நின்று, எல்லோருடைய மூச்சும் கேட்டது. மறுபடியும் போட்டார்கள்.

பக்கம் இருந்தது. யாரும் கைதட்டவில்லை. சுலோஜனா அதை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தாள். பிறகு இன்னொரு வரி சேர்த்தாள்.

"வேற?" என்று கேட்டுவிட்டு ஸகியா கதிரையில் சாய்ந்தாள். காத்திருந்தாள்.

"மிஸ்," என்றான் நிதுர்ஷன் என்ற பெடியன். "அந்தக் கரையில இரிக்கிற பெட்டிட மவுஸ் இடது பக்கம் போகாது."

"தள்ளித் தள்ளித்தான் கொண்டுபோகோணும், மாடு மாதிரி," என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மற்றவையும் வந்தன. ஒன்றின் திரை சிவந்து தெரிகிறது. ஒன்றுக்குச் சத்தமே இல்லை.

"சங்கத்துக் கடிதத்த இப்ப பென் டிரைவில கொண்டுவந்து உங்கட பெட்டியில திறந்தா தமிழ் பூச்சி பூச்சியா வருகுது," என்றார் அருமைநாயகம். "அதையும் எழுதுங்க."

அவள் படிவத்தை வெளியே எடுத்து அத்தனையையும் எழுதினாள். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினாள்.

தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பது கடற்பக்க மதிலோரத்தில் மட்டும். ஆர்த்திகாவும் கூடவே வந்து நின்றாள். மவுஸ் முதல் திரை வரை முறைப்பாடுகள் வந்திருக்கின்றன என்று ஸகியா சொன்னதும், அப்படியானால் லொறியை நாளைக்கே அனுப்புகிறேன் என்றார் மஜீட் சேர்.

"வேணாம் சேர். குறை சொல்றாங்கெண்டா பாவிக்கப் போறாங்க. ஒரு பெட்டியும் இங்கிருந்து வராது. பழுதெண்டா நான்தான் இங்க வருவன். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் அப்படித்தான். என்ட பூட்டுத்தான் சேர் பிழை, அத மாத்திட்டன். அடுத்த மாசம் எண்ணிக்கையப் பாருங்க. ஏறாட்டி நானே லொறியில ஏத்திக்கொண்டு வாறன்."

மறுமுனையில் பேச்சில்லை. இன்னும் ஏதாவது சொல்லிக் கெஞ்ச வேண்டும்போல நாக்கு துடித்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அலை வந்து போனது. மறுபடியும் வந்தது. ஆர்த்திகா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மவுஸ் வேணும்?" என்று கேட்டார் மஜீட் சேர்.