ரிடண்டன்ட்டுக்கு ஒரு வார்த்தை

பாட்டில் தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அன்று காலை மேலாளர் ஒரு வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றி முப்பத்தொரு பேருக்கு வேண்டும், மதியத்துக்குள் முடியுங்கள் என்றார். பாட்டிலில் கீறல் பார்க்கக் கேமரா வந்துவிட்டதாம். அந்தப் பிரிவில் இருப்பவர்கள் இனி ‘ரிடண்டன்ட்’.

பட்டியலில் ஏழாவது ஆள் அவளுடைய அக்கா புருஷன்.

 கடிதத்தின் மற்ற வரிகளை மளமளவென்று எழுதிவிட்டாள். அந்த ஒரு சொல்தான் மசியவில்லை. ‘தேவையற்றவர்’ என்று எழுதி அடித்தாள். ‘உபரி’ என்றால் கிடங்கில் கிடக்கும் அட்டைப்பெட்டியைச் சொல்வதுபோல் இருந்தது. தடித்த அகராதியைப் புரட்டி வேரைத் தேடினாள். லத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை. நீர் அலையலையாகப் பெருகி விளிம்பைத் தாண்டி வழிவதற்குச் சொன்ன சொல்லாம். எங்கேயோ நல்லபடியாகப் பிறந்தது, இந்தக் கதிக்கு வந்திருக்கிறது.

மேலாளர் எட்டிப் பார்த்து, இன்னுமா ஆகவில்லை என்றார். கடைசியில் அந்தச் சொல்லையே கைகழுவிவிட்டு, ‘தங்கள் வேலையில் குறையேதும் இல்லை, அந்த வேலையே இனி இல்லை’ என்று எழுதினாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மாலை பேருந்து நிறுத்தத்தில் அத்தான் தமிழ், இங்கிலீஷ் இரண்டு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழில் பதமாகத்தான் எழுதியிருக்கிறது, இங்கிலீஷில் இருக்கும் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவரிடம் நேராகச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

“தண்ணி நெறஞ்சு வழியறதுன்னு அர்த்தம் அத்தான். ஆரம்பத்துல அப்படித்தான் இருந்திருக்கு.”

அவர் சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டார். “அப்ப கொழாயத் தொறந்துவிட்டது யாரும்மா?”

 பேருந்து வந்ததும், “அக்காகிட்ட நீயே சொல்லிடு, எனக்கு வாய் வரல” என்றார்.

சொன்னாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, மத்தியானம் அவர் சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் அக்காவே எழுந்து நிறுத்தினாள். வேலைக்குப் போன பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் உச்சிவெயில் ஏறும்வரை அசையாமல் தூங்கினார். யாரும் எழுப்பவில்லை.