ஷாக் வாங்காதவன்

மின்சாரம் பாய்ச்சும் ஷாக் துப்பாக்கியைக் கையில் வாங்குமுன் அதன் ஷாக்கை உடம்பில் வாங்க வேண்டும். போலீஸ் பயிற்சிக்கூடத்தில் பயிற்சி கொடுக்கும் ஏட்டம்மா வைத்திருந்த சட்டம் அது. மெத்தை விரித்த தரையில் ஆளை நிறுத்தி, இருபக்கமும் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொள்வார்கள். விசையை அழுத்தியதும் தடிமாடு மாதிரி இருப்பவனும் மரக்கட்டையாய் விறைத்துப்போவான். முகம் தரையில் மோத வந்தாலும் கையை ஊன்ற முடியாது. பிடித்திருக்கும் இரண்டு பேர்தான் அவன் பல்லுக்குக் காவல். ஒருமுறை அப்படி விறைத்தவன், உயரத்தில் நிற்கிற ஆளை ஆயுசுக்கும் குறிவைக்க மாட்டான் என்பது அவள் நம்பிக்கை.

அவளுடைய கொழுந்தன் விறைக்கவில்லை. அவனும் போலீஸ்தான். பயிற்சியன்று முதுகுவலி என்று வாசலிலேயே நின்றுவிட்டான். அவளும் அவன் தேறியதாகக் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் போன வாரம் ஆள் பற்றாக்குறை என்று இன்ஸ்பெக்டர் அவன் இடுப்பிலும் ஒன்றைச் செருகி அனுப்பினார். தெருச் சண்டை ஒன்றில் மதில்மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்த பெயிண்டரைச் சுட்டுவிட்டான். வெட்டிய மரமாய் விழுந்தார் அந்த மனுஷன். தலைதான் முதலில் தரை தொட்டது. இன்னும் கண் திறக்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம், துறையின் வக்கீல் பயிற்சிக்கூடத்துக்கே வந்தார். பின்னால் கொழுந்தன், தாலிகட்டும் நேரத்தில் ஓடிப் பிடிபட்ட மாப்பிள்ளை முகத்தோடு.

“விஷயம் சின்னதும்மா,” என்றார் வக்கீல். “பயிற்சி எடுத்தவன் தப்பு பண்ணினா அது அவன் தப்பு. எடுக்காதவன் கையில குடுத்திருந்தா துறையோட தப்பு. முதலாவதைத் தற்காப்புன்னு சமாளிச்சிடலாம், இவனும் தப்பிச்சிடுவான். ‘முழுசா முடிச்சான்’னு நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“முடிக்கலையே சார்.”

“உங்க வீட்டுப் பிள்ளைம்மா.”

“அதனால?”

கொழுந்தன் வாயைத் திறந்தான். “அண்ணி, நான் உள்ள போனா அம்மா தாங்கமாட்டாங்க. நீங்க வேணும்னே மாட்டிவிடுறதா அண்ணனே நினைக்கிறாரு.”

“உங்க அண்ணனை நான் பார்த்துக்கிறேன். நீ சொல்லு. மதில்மேல நின்னவரு உன்னை என்ன பண்ணினாரு?”

“அசிங்கமாத் திட்டினாரு.”

“உங்க அம்மா வாய்க்குத் தப்பி வளர்ந்தவனா நீ? திட்டுக்கெல்லாம் துப்பாக்கி எடுத்தா நம்ம வீட்டுல யாரு மிஞ்சியிருப்பா?”

வக்கீல் சிரிப்பை இருமலாக்கினார். “சரி, மேல பாய வந்தாருன்னு வச்சுக்குவோம்.”

“பாய அவரு என்ன பூனையா சார்?”

அவர் முகம் இறுகியது. “அடம்பிடிச்சா உங்க வேலைக்கும் உத்தரவாதம் இல்ல. பயிற்சியே சரியில்லைன்னு பழியை உங்க மேல திருப்பிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

ஏட்டம்மா அலமாரியைத் திறந்து ஒரு ஷாக் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“தம்பி, வா. மெத்தையில நில்லு. பிடிக்க வெளியில ரெண்டு பேர் இருக்காங்க. நடந்தது மாறாது. அவருக்கு என்ன பண்ணினேன்னு உனக்காவது தெரியட்டும்.”

கொழுந்தன் பின்வாங்கிச் சுவரில் முட்டினான். “அண்ணி, என் முதுகு…”

“பிடிக்க ஆள் இருக்கும்போதே இந்தப் பயம். அவருக்குக் கீழ யாருடா நின்னாங்க?”

வக்கீல் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கொழுந்தன் வால்போல் ஒட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் விசாரணை அதிகாரி கேட்டார். “அவர் பயிற்சி முடித்தாரா?”

“இல்ல சார்.”

வக்கீல் எழுந்தார். “குடும்பப் பகை. பழிவாங்குறாங்க.”

“பழிவாங்கணும்னா சோத்துல உப்பைக் கொட்டியிருப்பேன் சார். இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.”

“அப்புறம் துப்பாக்கியைக் கொடுத்தது யார்?” என்றார் அதிகாரி.

இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் இருந்தார். ஏட்டம்மா முழுசாகத் திரும்பி, அவர் கண்ணைப் பார்த்தாள். “ஐயாதான். இவன் தேறலைன்னு அவருகிட்ட நானே சொல்லியிருந்தேன். தெரிஞ்சேதான் குடுத்தாரு.”

வெளியே வந்ததும் பயிற்சிக்கூடத்துச் சாவியைக் கேட்டார்கள். நாளை முதல் வரவேண்டாமாம், மறு உத்தரவு வரும்வரை. கொடுத்தாள். படியிறங்கும்போது போன் அடித்தது. மாமியார். எல்லாருக்கும் முன்பே செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கிழவி மூச்செடுக்குமுன் இவள் முந்திக்கொண்டாள்.

“ஆமா அத்தை, சொல்லிட்டேன். கேட்டா நாளைக்கும் அதையேதான் சொல்லுவேன். எனக்கும் சேர்த்து உலை வைங்க. சாப்பிட்டுட்டுத் தெம்பா உட்கார்ந்து திட்டு வாங்கிக்கிறேன்.”