இரண்டாயிரமாம் ஆண்டுச் சேட்

குருநகர் அற்புதராணிக்கு இரண்டாயிரமாம் ஆண்டின்மேல் அசையாத நம்பிக்கை. சண்டை நடந்த தொண்ணூற்றிரண்டில் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. இருந்தாலும், இன்னும் எட்டு வருசத்தில் ஆம்பிளைகளுக்குப் பொத்தான் பூட்ட நேரம் இருக்காது என்று அடித்துச் சொன்னாள். ஆகவே அவள் தைத்தது பொத்தானே இல்லாத, தலையால் மாட்டுகிற சேட். தோளில் மீன் செட்டை மாதிரி இரண்டு மடிப்பு. கையில் டோர்ச் வைக்க ஒரு பை. ஊரில் மருந்துக்கும் ஒரு பற்றரி இல்லை என்பது வேறு கதை. துணி, இரவில் ஆமி போட்ட வெளிச்சக்குண்டோடு வானத்திலிருந்து இறங்கிய பரசூட்.

சுன்னாகத்தில் ‘ஜொலி’ என்ற பெயரில் ரீசேட்டும் அரைக்காற்சட்டையும் விற்கிறவர் மார்க்கண்டு; அவருடைய கடைக்குத்தான் அவள் தைத்துக் கொடுக்கிறாள். அவள் மாதிரிக்குக் கொண்டுவந்த மூன்று சேட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் கிடக்கு. ஆனா ‘ஜொலி’ எண்டுதான் போகும்.”

“என்ரை பேர், அண்ணை?”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? பொம்பிளைப்பிள்ளையின்ரை பேரைச் சுமந்துகொண்டு எந்த ஆம்பிளை ரோட்டிலை போவான்?”

அற்புதராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மண்டையில் பிறந்த சேட்டுக்குத் தன் பெயர் வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. பிசிறு வெட்டுகிற சாட்டில் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒருவரும் பார்க்காத உள்முதுகில், சிவப்பு நூலால், கொட்டை எழுத்தில் மூன்றிலும் ‘அற்புதராணி’ என்று தைத்தாள். மனம் கொஞ்சம் ஆறியது.

அம்மன் கோயில் தேரன்றைக்குச் சனத்துக்குக் காட்டுவோம் என்றதும் அவள்தான். பெருநாள் என்றால் ஆம்பிளைகள் புதுச்சேட்டோடு வருவார்கள். அவள் கண்ட பெருநாள் எல்லாம் மாதா கோயிலில். மார்க்கண்டு பிறந்ததிலிருந்து மேலுக்கு ஒன்றுமில்லாமல் அம்மன் கோயிலுக்குப் போகிற சைவர். வியாபாரம் என்றதும் அவருக்கும் அது மறந்துபோனது. மருமக்கள் மூவருக்கும் மாட்டி அனுப்பினார்.

மூவரும் கோயில் வாசலுக்கு வந்தார்கள். மற்ற எல்லா ஆம்பிளைகளையும்போல, சேட்டைக் கழற்றினார்கள்.

“ஐயோ மாதாவே!” என்றாள் அற்புதராணி, அம்மன் வாசலில் நின்றுகொண்டு.

தலையால் உருவிய சேட், உள்பக்கம் வெளியாக வந்தது. வடம் பிடிக்கக் கை வேண்டுமே! இடுப்பில் சுற்றி, சேட்டின் கையிரண்டையும் முன்னால் முடிந்துகொண்டார்கள். துணி பின்னால் விரிந்து தொங்கியது. மூன்று குண்டியில் மூன்று அற்புதராணி. தேர் நகர, வீதி நெடுக அவளும் நகர்ந்தாள். சனம் அம்மனை விட்டுவிட்டு அதை வாசித்தது.

மார்க்கண்டு திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வேலை போச்சு என்று அவள் சனத்துக்குள் நழுவினாள்.

அடுத்த நாள் காலை, நெல்லியடியிலிருந்து இளந்தாரிகள் சைக்கிள் மிதித்துக் கடைக்கு வந்துவிட்டார்கள்.

“அண்ணை, அற்புதராணி சேட் இருக்கோ?”

“ஜொலி சேட் இருக்கு,” என்றார் மார்க்கண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

“உது வேண்டாம். அற்புதராணி.”

அவளைக் கூப்பிட்டார். “பேரைப் போட்டே தை.”

“ஆம்பிளையள் சுமப்பினமோ, அண்ணை?” கேளாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. “எங்கை தைக்க? நெஞ்சிலையோ?”

மார்க்கண்டு வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“இருந்த இடத்திலையே இருக்கட்டும், பிள்ளை. கொஞ்சம் பெரிசாத் தை.”