சிலோன்டோன்ஸின் முன்குரல்

எட்டு மாதமாக எட்டிப் பார்க்காத மனிதர் இப்போது எதற்கு வருகிறார் என்பதுதான் பவளத்துக்கு விளங்கவில்லை. அவளுடைய கணவரின் செத்த வீட்டுக்கு வரவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரவில்லை. இப்போது திடீரென்று சிட்னிப் பக்கத்துப் பரமட்டாவிலிருந்து போன் எடுத்து, "தங்கச்சி, சனிக்கிழமை மெல்பேர்ன் வாறன். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போட்டு அப்பிடியே உங்களையும் ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு" என்கிறார். கேரம் டவுன்ஸ் நகரத்தின் ஒரு மூலை, அவள் இருக்கும் வெரிபீ மறு மூலை. அப்படியே வந்து போகிற தூரமா அது?

"ரெக்கோட் விஷயம் காதிலை விழுந்திருக்கும்" என்றாள் மகளிடம்.

"அம்மா, ஹீ இஸ் ஓல்ட். பி நைஸ்" என்றாள் மிருணாளினி.

ரெக்கோட் விஷயம் இதுதான். பவளத்தின் கணவர் வரதராஜா கணக்கியல் படிக்க மெல்பேர்ன் வந்த பொடியனாக இருந்த காலத்தில், சிலோன்காரர் நால்வர் சேர்ந்து 'த சிலோன்டோன்ஸ்' என்று ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். கறுப்பு அமெரிக்கர்களின் ரிதம் அண்ட் புளூஸ், டூ-வொப். வாத்தியம் பெரிதாக வேண்டாம், நான்கு தொண்டையும் ஒரு மைக்கும் போதும். ஒருவர் முன்குரலில் பாட்டைப் பாட, மற்ற மூவரும் பின்னால் நின்று 'டூ-வொப், டூ-வொப்' என்று தாங்குவார்கள். செயின்ட் கில்டா கிளப்புகளில் இரண்டு வருடம் பாடினார்கள். ஒரேயொரு ரெக்கோட் போட்டார்கள். ஒரேயொரு தடவை ரீவியில் வந்தார்கள். பிறகு குழு கலைந்தது. வரதராஜா வரி அலுவலகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

பவளத்துக்குக் கல்யாணம் பேசி வந்தபோது தரகர் கொண்டுவந்தது அந்த ரீவிப் படத்தைத்தான். வெள்ளைக் கோட்டு, மைக்குக்கு முன்னால் சாய்ந்து நின்ற நீண்ட உடம்பு. "அவுஸ்திரேலியா ரீவியிலை பாடின மாப்பிள்ளை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் அவளுடைய தகப்பன்.

இப்போது பிரன்ஸ்விக்கில் பழைய ரெக்கோட்டுகளைத் தேடிப் புதிதாகப் பதிப்பிக்கும் வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் அதையும் கண்டுபிடித்துவிட்டான். பழைய ரெக்கோட்டில் குழுவின் பெயர் மட்டும்தான் இருந்தது. முன்குரல் பாடியவர் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும், யார் பாடியது என்று கேட்டான். என்ரை மனிசன்தான் என்று அவள் சொன்னாள். குழுவில் வேறு யாராவது உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றான். ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டாள். நால்வரில் மிஞ்சியிருந்த கதிர்காமநாதன், இப்போது வருகிற இந்த மனிதர், அப்போது அவளுக்கு நினைவில் வராமல் இல்லை.

வரதராஜாவின் சாம்பல் கடலில் கரைந்துவிட்டது. இந்த நாட்டில் ஒரு கல்லில்கூட அவர் பெயர் கிடையாது. இந்த ரெக்கோட் உறையில் வந்தால்தான் உண்டு. பொடியன் இன்று, சனிக்கிழமை, பின்னேரம் போன் எடுத்து எழுத்துக்களைச் சரிபார்ப்பான், திங்கட்கிழமை அச்சுக்குப் போகும். இன்றைக்கென்று பார்த்துத்தான் இந்த மனிதரும் வருகிறார்.

கதிர்காமநாதன் வந்தபோது நெற்றியில் திருநீறு இருந்தது. கையில் லவ் கேக் பெட்டி. கழுத்தை மூடி, வெயில் நாளில் ஒரு மப்ளர். குரல் தகரத்தில் மணல் உரசுவதுபோல இருந்தது.

"இருங்கோ எண்டு சொல்ல மாட்டியளோ தங்கச்சி?"

"கதிரையிலை இருங்கோவன் அண்ணை. ஆர் வேண்டாம் எண்டது?"

இருந்தார். சுவரில் மாலை போட்ட படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்துக்குக் கீழே ரெக்கோட் பிளேயரைப் பார்த்தார். அதன்மேல் அந்த ரெக்கோட். செத்த வீடு முடிந்த கிழமையிலிருந்து பவளம் காலையில் தேத்தண்ணி குடிப்பது அதைப் போட்டுக் கேட்டபடிதான். கண்ணை மூடினால் அந்த மெல்லிய, மேலே மேலே ஏறும் குரல் அறைக்குள் வந்து நிற்கும். அது மட்டும்தான் மிச்சம்.

"செத்த வீட்டுக்கு வரேல்லை எண்டு கோவம்போலை" என்றார் அவர். "ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். தொண்டையிலை ஒப்பரேசன்."

"ஒருதரும் சொல்லேல்லை."

"ஆருக்கும் சொல்லேல்லை."

மிருணாளினி கேக்கை வெட்டினாள். அவர் தொடவில்லை. பவளம் காத்திருந்தாள். இந்த மனிதர் சுற்றி வளைக்கிற ஆள், அவசரப்படக் கூடாது.

"அந்தப் பொடியன் ஏதும் கேட்டவனோ?"

"எந்தப் பொடியன்?"

கதிர்காமநாதன் சிரித்தார். "சரி தங்கச்சி. நேரை சொல்லுறன். அந்தப் பாட்டுப் பாடினது நான். வரதன் இல்லை. என்ரை பேரைப் போடச் சொல்லிக் கேக்கத்தான் வந்தனான்."

மிருணாளினியின் கையில் கத்தி நின்றது. பவளத்துக்கு ஆத்திரம்கூட வரவில்லை. நினைத்தது நடந்ததில் ஒருவிதத் திருப்திதான் வந்தது.

"அப்ப ரீவியிலை நிண்டது ஆர்? அவரின்ரை ஆவியோ?"

"ரீவியிலை நிண்டது அவன்தான். வாயசைச்சவன். எல்லாரும் அப்பிடித்தான், ரெக்கோட்டைப் போட்டிட்டு வாயசைக்கச் சொல்லுவாங்கள். எனக்கு விசா முடிஞ்சு ஒரு வருசம். பகலிலை இரும்புப் பட்டறையிலை வேறை பேரிலை வேலை. நான் போய் ரீவியிலை மூஞ்சையைக் காட்டினா இமிகிரேசன்காரன் பாத்துக்கொண்டு இருப்பானே? வரதனுக்கு விசா இருந்தது, வடிவும் இருந்தது. நீ நில்லு மச்சான் எண்டு நான்தான் சொன்னனான்."

"பிறகு?"

"பிறகு அரசாங்கம் மன்னிப்புக் குடுத்தது. எனக்குக் கடதாசி கிடைச்சுது. ஆனா சனத்துக்கு அவன்ரை முகம்தானே பாட்டு. கிளப்பிலை நான் முன்னுக்கு வந்து நிண்டா, எங்கை மற்றவன் எண்டு கேட்டாங்கள். நான் சிட்னிக்குப் போட்டன். குழு முடிஞ்சுது."

"அவர் இருக்கேக்கை வந்து கேட்டிருக்கலாமே. செத்த ஆளிட்டைக் களவெடுக்கிறது சுகம், என்ன?"

"அம்மா!" என்றாள் மகள்.

"விடு பிள்ளை. கேட்டனான் தங்கச்சி. போனிலை. நான் உயிரோடை இருக்குமட்டும் பவளத்துக்குத் தெரிய வேண்டாம், பிறகு உன்ரை விருப்பம் எண்டு சொன்னவன்."

இதைவிட வசதியான சாட்சி கிடையாது. செத்தவர் மறுத்துப் பேச மாட்டார். "சரி, பாடிக் காட்டுங்கோ. ஒரு வரி" என்றாள்.

அவர் மப்ளரை விலக்கிக் காட்டினார். கழுத்தின் குறுக்கே இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு. பவளம் அதை நம்பினாள், ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. தொண்டை போனவன் எந்தப் பாட்டையும் தன்னுடையது என்று சொல்லலாம்.

எழுந்து போய் ரெக்கோட்டைப் போட்டாள். வந்து அவருக்கு நேரெதிரே இருந்தாள். பொய்க்காரனின் முகம் எங்கேயாவது ஓரிடத்தில் தடுமாறும்.

பாட்டுத் தொடங்கியது. கதிர்காமநாதன் கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை. யன்னலுக்கு வெளியே குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் முதல் வரிக்குச் சற்று முன்னால் அவருடைய நெஞ்சு ஏறியது. குரல் வந்தது. வரி முடிய நெஞ்சு இறங்கியது. அடுத்த வரிக்கு முன்னால் திரும்ப ஏறியது. மூன்றாவது வரியில் அந்தக் குரல் யாரும் எதிர்பாராத இடத்தில், ஒரு சொல்லின் நடுவில், களவாக மூச்செடுக்கும். எத்தனையோ காலை கேட்ட பவளத்துக்கு அது தெரியும். அவருக்கும் அங்கேதான் நெஞ்சு ஏறியது. செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததாக இல்லை.

அப்போதும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கலாம், தானும் கேட்டுப் பழகியவள்தானே. வரதராஜா இந்தப் பாட்டை எங்கே மூச்செடுத்துப் பாடுவார் என்று யோசித்தாள். காரில், குசினியில், குளியலறையில். யோசிக்க யோசிக்க ஒன்று விளங்கிற்று. அவர் இந்தப் பாட்டைப் பாடியதே இல்லை. கோப்பை கழுவும்போதும் புல் வெட்டும்போதும் அவர் முணுமுணுத்ததெல்லாம் 'டூம், டூம், பா-டூம்' மட்டும்தான். பாட்டைப் பாடுங்கோ என்று கேட்டால், அது அந்த நாளையில் என்று சிரிப்பார். கோயில் பஜனையிலும் எல்லாருக்கும் கீழே ஒரு குரலில் இழுத்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு பெரிய பாடகர், எவ்வளவு அடக்கம் என்று சனம் சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பாட்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டிருந்தது. மிருணாளினி எழும்பப் போனாள். பவளம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரை வைச்சு அழுதனான்?"

பவளம் எழுந்து போய் ஊசியைத் திரும்ப முதலில் வைத்தாள். "அவர் எங்கை? காட்டுங்கோ."

கதிர்காமநாதன் விரலை நிலத்தை நோக்கி நீட்டினார். "கீழை. ஆகக் கீழை. அவன்தான் எங்கடை பாஸ், அடிக்குரல். அவன் பிடிச்சு வைச்சிருக்காட்டி நான் அந்த உயரத்துக்கு ஏறியிருக்கேலாது. மேலை கேக்காதேங்கோ. என்னை விட்டிடுங்கோ."

அது சுலபமாக இல்லை. மேலேயுள்ள குரல் காதை இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு காலையும் வரவேற்ற குரல் அது, இப்போது வெளியே போ என்றால் போகுமா? அவர் ஏதோ விளக்க வாயெடுத்தார்.

"கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ அண்ணை!"

மூன்றாம் தடவை போட்டபோது கேட்டது. நிலத்துக்கடியில் யாரோ நடப்பதுபோல. 'டூம், டூம், பா-டூம்.' கோப்பை கழுவுகிற அதே நடை. வயசுதான் குறைவு.

பவளம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். பொடியன் சுகம் விசாரித்துவிட்டு, முன்குரல் வரதராஜா, எழுத்துக்களை ஒருமுறை சொல்ல முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

பவளம் கதிர்காமநாதனைப் பார்த்தாள். கிழவர் மப்ளரின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். ஓம் என்று சொன்னால் முடிந்தது. இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவரால் யாரிடம் போய் வழக்காட முடியும்?

"அது பிழை" என்றாள் தன் ஆங்கிலத்தில். "வரதராஜா பாஸ். முன்குரலுக்குப் போடுற அதே அளவு எழுத்திலை போட வேணும். சின்னதாப் போட்டா நான் விட மாட்டன்."

அப்ப முன்குரல் யார் என்று கேட்டான் பொடியன்.

அவள் போனைக் கதிர்காமநாதனின் பக்கம் தள்ளினாள். முழுதாக நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. "முதலிலை அவர் பாஸ் பாடினவர் எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ. நாளைக்கு அதையும் நான்தான் பாடினனான் எண்டு வந்து நிக்கக் கூடாது."

கிழவர் குனிந்து, போனுக்கு மிக அருகில் வாயை வைத்துச் சொன்னார். "பாஸ், வரதராஜா. மை பிரெண்ட்." மணல் உரசும் அந்தக் குரல் பொடியனுக்கு விளங்கவில்லை போலும். யார் பேசுவது என்று கேட்டான்.

கதிர்காமநாதன் நிமிர்ந்து பவளத்தைப் பார்த்தார்.

"கேக்கிறான் எல்லே" என்றாள் அவள். "பேரைச் சொல்லுங்கோ."