ஒரு இன்ச் கூட

குழாய்க்காரருக்கு வாய் சும்மா இருக்காது. வேலைக்குப் போன வீட்டில் சமையலுக்கும் சேர்த்து யோசனை சொல்லிவிட்டு வருகிற ஆள். அப்பேர்ப்பட்டவரைக் கொண்டுபோய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்து, போட்டியாளரிடம் ஒரு வார்த்தை பேசினாலும் அந்தப் போட்டியாளருக்குப் போட்டியில் இடமில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னதோடு விடவில்லை. காலையில் தச்சு வேலைப் பிரிவில் ஒரு தாய், “பாத்து வெட்டுப்பா” என்று சொன்னதற்கே அந்தப் பையனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பள்ளி மாணவர்களுக்கான தொழில்திறன் போட்டி அது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், அவருடைய மகள் பலகை முன்னால் நின்றிருந்தாள். சுவரில் தொங்கிய வரைபடத்தில் உள்ள அளவுப்படி குழாய்களை அறுத்து, இணைத்து, பலகையில் பொருத்தி, கசியாமல் தண்ணீர் விட வேண்டும். முதலாவதாக வந்தால் குடிநீர் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் இடம், பிறகு அங்கேயே வேலை. வராவிட்டால் சித்தப்பாவின் துணிக்கடை. வீட்டில் பெரிய சண்டை நடந்து கடைசியில் இப்படித்தான் முடிவாகியிருந்தது. துணிக்கடை என்றாலே அவளுக்கு வேப்பங்காய்.

மகள் முதல் குழாயை அளந்தாள். கட்டைவிரல் வேண்டிய எண்ணில் நின்று, பிறகு அடுத்த எண்ணுக்கு நகர்ந்தது. குழாய்க்காரர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

அவருடைய டேப்பில் முதல் இன்ச் உடைந்துபோய் வருஷக்கணக்காகிறது. புதிதாக வாங்கச் சொன்னால், “ஒரு இன்ச்சக் கூட்டிக்கிட்டா ஆச்சு, அதுக்கெதுக்கு புது டேப்பு?” என்பார். மகள் பழகியதெல்லாம் வீட்டுப் பின்சுவரில், அந்த டேப்பை வைத்துத்தான். இருபது வேண்டுமென்றால் இருபத்தொன்றில் கோடு போடுவாள். யோசிக்கவே மாட்டாள், கை தானாகப் போகும். இங்கே கொடுத்திருந்தது புத்தம்புது டேப். கைக்கு அதெல்லாம் தெரியுமா?

“நல்லாப் பண்றாளாங்க?” என்று மனைவி காதோரம் கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அறுத்த குழாயை மகள் சரிபார்த்தாள். டேப் காட்டிய எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொண்டு, திருப்தியாக எடுத்து வைத்தாள். பலகையில் குழாயைத் தாங்கும் பிடிகளை முடுக்க வேண்டிய இடத்தையும் அதே கணக்கில்தான் குறித்தாள். எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திவந்தது. எங்காவது ஒரு இடத்தில் இடித்தால்தானே பிள்ளைக்குத் தெரியும்?

நடுவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், மகள் நிமிர்ந்து பார்த்தாள். குழாய்க்காரர் கன்னத்தோரம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு இன்ச்சடி, பாவி மகளே, ஒரு இன்ச். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பா முதல் பரிசு என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தானும் ஒரு விரலைக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். நடுவர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். இவர் அந்த விரலால் காதைக் குடைந்தார்.

சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. இத்தனைக்கும் அவள் வேலையில் வேறு குறையே இல்லை. பக்கத்துப் பலகைப் பையன் இரண்டு மூட்டுகளைக் கோணலாகப் பூட்டியிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்கு நெஞ்சு இன்னும் எரிந்தது.

தண்ணீர் திறந்தார்கள். மகளின் குழாயில் ஒரு சொட்டுக் கசியவில்லை. கூட்டம் கைதட்டியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “துணிக்கடைன்னு நான்தான் தேவையில்லாம சண்டை போட்டேன்” என்றாள்.

நடுவர் அளந்து பார்த்தார். இன்னொரு தடவை அளந்தார். பிறகு டேப்பை மகள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னார். அவள் எண்ணைப் பார்த்தாள், டேப்பின் முனையைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

கோணல் மூட்டுப் பையனுக்குத்தான் முதல் பரிசு. மூவரும் வாசலுக்கு வந்ததும் மகள் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“நீ எப்பப்பா பாத்த?”

“முதல் குழாயிலயே.”

“அப்பவே கத்தியிருக்கலாம்ல?”

“கத்தியிருந்தா உன்ன வெளிய அனுப்பியிருப்பாங்கம்மா.”

சாத்தியிருந்த அரங்கத்தின் கதவை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப மட்டும் எங்கப்பா நிக்கிறோம்?”