இரண்டாம் கொப்பி

பேப்பரெல்லாம் கொண்டாடிய அந்தப் படத்தை இக்னேசியஸ் போகுமிடமெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தான். "சும்மா ஊதிப் பெருப்பிச்ச படம். தலையுமில்லை, வாலுமில்லை" என்று வேலை செய்யும் கந்தோரில் சொன்னான், கோயில் வாசலிலும் சொன்னான். படம் ஒரு சாட்டு. அவனுக்கு வயிறு எரிந்தது றொபேட்டை நினைத்துத்தான்.

சண்டைக் காலம். ஊரடங்குக்கு முன் சனம் வீடு போய்ச் சேரவேண்டுமென்று, ஞாயிறு மத்தியானத்தில் றொபேட் ஜெனரேட்டரைப் போட்டு, விறாந்தையைச் சாக்கால் மறைத்து, வீடியோ டெக்கில் படம் காட்டுவான். இந்தப் படம் நீளம். இரண்டு வீடியோக் கொப்பி, அதாவது இரண்டு கசெட். நாயகன் ஒரு காட்சியில் கிழவன், அடுத்ததில் சிறுவன், பிறகு கைதி. இருந்த இருபது பேரும் திருதிருவென்று முழித்தார்கள்.

எந்தப் படம் பார்த்தாலும் வீடு திரும்பும் வழியில் மனைவி சீலா, "அது ஏனப்பா அப்பிடி?" என்று கேட்பாள். இக்னேசியஸ் விளக்குவான். கலியாணம் முடித்த பத்து வருடமும் அந்த நடைக்காகவே அவன் படம் பார்த்தான் என்றாலும் பொய்யில்லை. அன்று அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, அவள் மதிலோரம் றொபேட்டோடு கதைத்துச் சிரிப்பதைக் கண்டான்.

"என்ன கதை?"

"அந்தப் படத்தைப் பற்றித்தான்" என்றாள்.

விளக்கம் கேட்க வேறு ஆள் பிடித்துவிட்டாள் என்று முடிவு கட்டினான். டெக் வாடகைக்கு விடுகிறவனுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்?

படத்தில் நாலு ஓட்டையாவது கண்டுபிடித்து றொபேட்டின் மூக்கை உடைக்கவென்றே, ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவன் வீட்டுக்கே போய் மறுபடி போடச்சொல்லிப் பார்த்தான். கால் மணித்தியாலத்தில் வந்த வேலையை மறந்துபோனான். சிறுவன் ஒளித்த சாவி எந்தக் கதவுக்கு, கிழவன் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. முடிவில் கண் கலங்கிவிட்டது. இதையா திட்டித் திரிந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"இண்டைக்கு மட்டும் எப்பிடி விளங்குது?" என்று கேட்டான்.

றொபேட் தலையைச் சொறிந்தான். "அண்டைக்கு ரெண்டாம் கொப்பியை முதல் போட்டுட்டன் அண்ணை. முன்னுக்குப் பின்னா ஓடுற படந்தானே, எனக்கே பிடிபடேல்லை. சீலா அக்காதான் கண்டுபிடிச்சு, முழுக்கதையையும் எனக்கு விளங்கப்படுத்தினவ."

வீட்டுக்கு வந்தபோது சீலா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கொப்பி மாறினது உமக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம். பாதியிலேயே தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெளிக்கிட்ட உடனேயே நீங்கள் திட்டத் தொடங்கிட்டீங்கள். பிறகென்னெண்டு சொல்லுறது?"

"அப்ப இவ்வளவு காலமும் விளங்காமலோ என்னட்டைக் கேட்டனீர்?"

அவள் நிமிராமலே சிரித்தாள். "நீங்கள் சொல்லேக்குள்ள உங்கட முகத்தைப் பாக்க எனக்கு ஆசை."

றொபேட் மேலிருந்த எரிச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது. இப்போது அவள்மேல் பொறாமையாக இருந்தது. தாறுமாறாக ஓடிய படத்தை முதல் தடவையிலேயே அவள் ரசித்திருக்கிறாள். அவனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவனுக்குத் தெரியாமல்.

கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சீலா, அந்தக் கிழவன் கடைசியில ஏன் சிரிச்சவன்?"