தண்ணீர் குடித்த கல்

ஊறப்போட்ட கிண்ணத்திலிருந்து நகை ஆசாரி மோதிரத்தை எடுத்துப் பார்த்தார். ஓப்பல் கல் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடித் துண்டு. காலையில் அதற்குள் ஓடிய பச்சையும் சிவப்பும் போன இடம் தெரியவில்லை.

மோதிரம் பழுதுபார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார், அதுதான் வம்பு. வைரமோ கெம்போ, எது வந்தாலும் முதலில் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். இதையும் யோசிக்காமல் போட்டுவிட்டார்.

அது அவருடைய அக்காவின் மோதிரம். அக்காவின் கணவர் கப்பல் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. கிளம்பும்போது இதை மாட்டிவிட்டு, ஓப்பலில் நிறம் இருக்கும்வரை கொடுத்தவன் உயிரோடு இருப்பான் என்று எங்கோ கேட்ட கதையையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா தினமும் கண் விழித்ததும் கல்லைத்தான் பார்ப்பாள். கை கழுவக்கூடக் கழற்றி வைப்பாள். கல் லேசாக ஆடியதால்தான் தம்பியை நம்பிக் கொடுத்தாள்.

பதறிப்போய்க் கல் வியாபாரிக்குப் போன் போட்டார். வியாபாரி சிரித்தார். சில ஓப்பல் தண்ணீரைக் குடித்துக் கண்ணாடியாகிவிடுமாம். காயவிட்டால் இரண்டு மூன்று நாளில் நிறம் திரும்புமாம். போன உயிர் வந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அக்கா. அவள் கண் நேராக மோதிரத்துக்குப் போனது. முகத்தில் ரத்தமே இல்லை.

"போயிட்டாரா?" என்றாள்.

"ஐயோ அக்கா, மாமாவுக்கு ஒண்ணும் ஆகல. தண்ணி குடிச்சா நெறம் போகும், காஞ்சா தானா வந்துரும். கல்லோட குணம், அவ்வளவுதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா கல்லிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அப்ப அவரு இருந்தாலும் இல்லாட்டியும் நெறம் வந்துரும்."

அவர் மோதிரத்தை நீட்டினார். அக்கா மோதிரத்தை வாங்காமலே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பச்சையும் சிவப்பும் முன்னைப் போலவே திரும்பின. மோதிரத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிறம் வந்துவிட்டது, பார் என்று நீட்டினார். ஈரக்கையால் வாங்கினாள், பார்க்கவில்லை. விரலில் போட்டுக்கொண்டு, மறுபடி அதே தண்ணீருக்குள் கையை விட்டாள்.